பல் வெள்ளையாக்கப் போறீங்களா? கறை எங்கிருந்து வந்ததுன்னு முதல்ல பாருங்க

தை மாதமும் ஆவணி மாதமும் நெருங்கினால் எனக்கு வரும் வாட்ஸ்அப் செய்திகளில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான். "அக்கா, பல் வெள்ளையாக்க எவ்வளவு ஆகும்?" கல்யாணப் பெண் கேட்பாள், மாப்பிள்ளை கேட்பார், சில சமயம் மாப்பிள்ளையின் அம்மாவும் கேட்பார். நான் பல் கிளினிக்கில் உதவியாளராக இருந்தவள் என்பது மலாக்காவின் தெங்கேராவிலும் கூபுவிலும் என்னைப் பழகியவர்களுக்குத் தெரியும். நான் டாக்டர் இல்லை. டாக்டருக்குப் பக்கத்தில் நின்று, எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டு, கருவிகளை எடுத்துக் கொடுத்து, பல வருடம் பலருடைய வாயைப் பார்த்தவள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிவந்ததை இங்கே மொத்தமாக எழுதி வைக்கிறேன். வேண்டியவர்களுக்கு அனுப்பி வையுங்கள்.

விலையைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன்னால் நான் திருப்பிக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "உன் பல் ஏன் இந்த நிறத்தில் இருக்கிறது?" இதற்கு விடை தெரியாமல் பணம் கட்டினால், பணம் போகும், பல் அப்படியே இருக்கும்.

பல்லின் இயல்பான நிறம்

பல் பால்போல வெள்ளையாக முளைப்பதில்லை. மேலே இருப்பது எனாமல். உடம்பிலேயே மிகக் கடினமான பொருள் அதுதான். கிட்டத்தட்ட 96 விழுக்காடு தாது. ஆனால் அது பாதி ஒளி ஊடுருவக்கூடியது. அதன் அடியில் இருக்கும் டென்டின் மஞ்சள் சாயல் கொண்டது. நாம் பல்லின் நிறம் என்று பார்ப்பதில் பெரும்பங்கு அந்த அடிப்பாகத்தின் நிறம். வயது ஏற ஏற எனாமல் தேய்ந்து மெலிகிறது, உள்ளே டென்டின் தடிக்கிறது, மஞ்சள் கூடுதலாகத் தெரிகிறது. இது நோயில்லை. நாற்பது வயதுக்காரர் தன் பல்லை இருபது வயதுப் பிள்ளையின் பல்லோடு ஒப்பிட்டுக் கவலைப்பட வேண்டியதில்லை.

கிளினிக்கில் நிறம் பார்க்க ஒரு பட்டை வைத்திருப்பார்கள். வீட்டா என்ற நிறுவனத்தின் பட்டைதான் உலகம் முழுக்கப் பழக்கத்தில் உள்ளது. அதில் 16 நிறங்கள். பல்லுக்குப் பக்கத்தில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து, எந்த எண்ணோடு பொருந்துகிறது என்று டாக்டர் குறித்துக்கொள்வார். டிக்டாக்கில் தெரியும் காகித வெள்ளை அந்தப் பட்டையிலேயே கிடையாது. அந்தக் காணொளிகளில் இருப்பது பெரும்பாலும் பல்லின் மேல் ஒட்டும் மெல்லிய ஓடான வெனீர், இல்லாவிட்டால் படத்தைத் திருத்தும் செயலி.

இந்த இயல்பு நிறத்துக்கு மேல் வரும் கறையை இரண்டாகப் பிரிக்கலாம். வெளிக்கறை, உட்கறை.

வெளிக்கறை நாம் சாப்பிடுவதிலும் குடிப்பதிலும் இருந்து வருவது. காலையில் பசியாறும்போது ஒரு கோப்பி, பத்து மணிக்கு ஒரு தே தாரிக், சாயந்தரம் இன்னொன்று. தேநீரில் உள்ள டானின் பல்லின் மேல் இருக்கும் மெல்லிய எச்சில் படலத்தில் ஒட்டிக்கொள்ளும். சிகரெட், வெற்றிலை பாக்கு, இரும்புச் சத்து டானிக், நீண்ட நாள் பயன்படுத்தும் குளோர்ஹெக்சிடின் வாய்க்கழுவி ஆகியவையும் இந்த வகையில் வரும். பல் காரை படிந்திருந்தால் கறை இன்னும் எளிதாகப் பிடிக்கும்.

உட்கறை பல் உருவாகும்போதோ அதற்குப் பிறகோ உள்ளேயே ஏறிய நிறம். இதில் டெட்ராசைக்ளின் மருந்து முக்கியமானது. கர்ப்பத்தின் பிற்பகுதியில் தாயோ, எட்டு வயதுக்குள் குழந்தையோ அதைச் சாப்பிட்டிருந்தால் பல்லில் சாம்பல், பழுப்புப் பட்டைகள் விழும். ஒரு காலத்தில் காய்ச்சலுக்கும் தொண்டை வலிக்கும் இந்த மருந்து தாராளமாகக் கொடுக்கப்பட்டது. நம்மில் ஐம்பது, அறுபது வயதைத் தாண்டிய சிலருக்கு அந்தப் பட்டைகள் இன்றும் இருக்கின்றன. பல் துலக்காததால் வந்தது என்று இவர்கள் சின்ன வயதிலிருந்தே திட்டு வாங்கியிருப்பார்கள். அவர்கள்மேல் ஒரு தப்பும் இல்லை.

ஃபுளோரைடும் உட்கறைக்கு ஒரு காரணம். பல் உருவாகும் வயதில் அளவுக்கு மிஞ்சினால் வெண்திட்டும் பழுப்புப் புள்ளியும் வரும். தமிழ்நாட்டில் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நிலத்தடி நீரிலேயே ஃபுளோரைடு கூடுதல் என்பதால் இது பரவலாக உண்டு. இங்கே மலேசியாவில் சொத்தையைக் குறைக்க அரசாங்கமே குழாய்த் தண்ணீரில் அளந்து சேர்க்கிறது. 1972-இல் நாடு முழுவதற்குமான கொள்கையாக வந்த இந்தத் திட்டத்தில் முதலில் 0.7 பிபிஎம் என்று இருந்த அளவை 2005-இல் 0.5 பிபிஎம்மாகக் குறைத்தார்கள். திட்டு விழாமலும் சொத்தை கூடாமலும் இருக்க வேண்டும் என்பதற்காக வைத்த அளவு அது.

கடைசியாக அடிபட்ட பல். சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து முன்பல் ஒன்று மட்டும் கறுத்துப்போனவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். உள்ளே நரம்பு செத்துப்போயிருக்கும். வெளியே எதைப் பூசினாலும் அது மாறாது. வேர்ச் சிகிச்சை செய்து, பல்லுக்கு உள்ளேயே வெளுக்கும் மருந்தை வைத்து அடைத்து, சில நாள் கழித்து மாற்றுவார்கள். இந்த ஒரு பல்லுக்காக வாய் முழுக்க வெள்ளையாக்கிக்கொள்ள வந்தவர்கள் உண்டு. மற்ற பற்கள் வெளுத்தால் அந்த ஒன்று இன்னும் கறுப்பாகத் தெரியும்.

வெற்றிலைக் கறையைப் பற்றித் தனியாக

மலாக்கா மண்ணில் பல்லின் நிறத்துக்கு நீண்ட கதை இருக்கிறது. வெள்ளைப் பல் எல்லாக் காலத்திலும் அழகாகக் கருதப்பட்டதில்லை. நீரிணைக்கு அந்தப் பக்கம் சுமத்ராவில் பல்லை அராவி, தேங்காய்ச் சிரட்டையைச் சுட்டு எடுத்த எண்ணெயால் கறுப்பாக்கிக்கொண்டதை வில்லியம் மார்ஸ்டன் 1783-இல் வெளியிட்ட சுமத்ரா வரலாற்றில் எழுதியிருக்கிறார். மலாய் உலகம் முழுக்கவே பல் அராவுவது வயதுக்கு வந்ததற்கான சடங்காக இருந்திருக்கிறது. ஜப்பானிலும் வியட்நாமிலும்கூட கறுத்த பல் கௌரவமாக இருந்த காலம் உண்டு. பாபா நோன்யா கல்யாணங்களில் வெற்றிலைப் பெட்டிக்குத் தனி இடம். ஜாலான் துன் தான் செங் லோக்கில் உள்ள பாபா நோன்யா அருங்காட்சியகத்துக்குப் போனால் அந்தக் காலத்துப் பொருள்களின் அழகைப் பார்க்கலாம்.

நம் தமிழ்க் குடும்பங்களிலும் வெற்றிலை இல்லாத விசேஷம் கிடையாது. தட்டில் வைப்பது வேறு, நாள் முழுக்க வாயில் அடக்கிக்கொள்வது வேறு. ஜாசின் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் நான் வளர்ந்தேன். விடியற்காலை பெரட்டுக்குப் போகும் பெண்கள் இடுப்பில் வெற்றிலைப் பையைச் செருகிக்கொண்டுதான் போவார்கள். பசியை அடக்கவும், தூக்கத்தை விரட்டவும், கொசுக்கடியில் நிரையில் நின்று பால் வெட்டும் அலுப்பு தெரியாமல் இருக்கவும் அது வேண்டியிருந்தது. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, கூடவே ஒரு துண்டு புகையிலை. என் பாட்டியின் பல் ஈறோரம் கறுத்து, நுனி சிவந்து இருக்கும். லயத்தில் எல்லாக் கிழவிகளுக்கும் அப்படித்தான் என்பதால் யாரும் அதைக் கவனித்ததே இல்லை.

கவனித்திருக்க வேண்டும். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, புகையிலை சேர்க்காத வெற்றிலை பாக்கையும் பாக்கு மட்டுமே மெல்வதையும்கூட மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் பிரிவில் 2004-இல் வெளியான அறிக்கையில் சேர்த்துவிட்டது. மலேசியாவில் வாய்ப் புற்றுநோய் மற்ற இனத்தவரைவிட இந்தியர்களிடம் அதிகம், அதிலும் பெண்களிடம் அதிகம் என்பதைத் தேசியப் புற்றுநோய்ப் பதிவேடு தொடர்ந்து காட்டிவந்திருக்கிறது. பெரும்பாலான நாடுகளில் ஆண்களுக்கே கூடுதலாக வரும் நோய் நம்மிடையே பெண்களைத் தேடிப் பிடிக்கிறது. காரணம் அந்த இடுப்புப் பைதான்.

ஆகவே பல் கறையை நான் வெறும் அழகு விஷயமாகப் பார்ப்பதில்லை. வெற்றிலைக் கறை இருக்கும் வாயில் பல்லைவிடக் கன்னத்தின் உட்பக்கத்தையும், நாக்கின் ஓரத்தையும், நாக்குக்கு அடியையும் முதலில் பார்க்க வேண்டும். துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், காரம் பட்டால் தாங்க முடியாத எரிச்சல், வாய் முன்னைப்போல அகலமாகத் திறக்காமல் போவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் டாக்டரிடம் போக வேண்டும். வெள்ளையாக்கும் பேச்சு அதற்குப் பிறகுதான்.

முதல் படி: பரிசோதனையும் கிளீனிங்கும்

நல்ல டாக்டர் யாரையும் வந்தவுடன் வெள்ளையாக்கும் நாற்காலியில் உட்கார வைக்க மாட்டார். சொத்தை இருக்கிறதா, ஈறு வீங்கியிருக்கிறதா, பல்லில் விரிசல் உண்டா, பழைய அடைப்பு எங்கெங்கே என்று பார்ப்பார். சொத்தை ஓட்டை வழியாக வெளுக்கும் மருந்து உள்ளே இறங்கினால் வலி உயிர் போகும்.

பிறகு ஸ்கேலிங். அதிரும் முனையால் காரையைப் பெயர்த்து எடுத்துவிட்டு, மெருகு போடுவார்கள். தேநீர், கோப்பி, சிகரெட், வெற்றிலைக் கறை இதிலேயே பெருமளவு போய்விடும். வெள்ளையாக்க வேண்டும் என்று வந்துவிட்டு, ஸ்கேலிங் முடிந்து கண்ணாடியைப் பார்த்ததும் "இதுவே போதும்" என்று சந்தோஷமாக வீட்டுக்குப் போனவர்கள் ஏராளம். செலவும் வெள்ளையாக்குவதோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. அரசாங்கப் பல் கிளினிக்கில் இன்னும் குறைவு. அங்கே காத்திருக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

கிளினிக்கில் வெள்ளையாக்குவது

ஸ்கேலிங்குக்குப் பிறகும் பல் மஞ்சளாக இருந்தால், அது உள்ளிருக்கும் நிறம். அதற்குத்தான் வெளுக்கும் மருந்து. எல்லா இடத்திலும் அடிப்படை ஹைட்ரஜன் பெராக்சைடுதான். அது எனாமலைச் சுரண்டுவதில்லை. எனாமலை ஊடுருவி டென்டின்வரை போய், நிறம் தரும் பெரிய மூலக்கூறுகளை உடைத்துச் சிறிதாக்குகிறது. உடைந்தவற்றுக்கு அந்த அடர்ந்த நிறம் இருப்பதில்லை.

கிளினிக்கில் பயன்படுத்தும் மருந்தின் வீரியம் ஏறக்குறைய 25-இலிருந்து 40 விழுக்காடுவரை இருக்கும். ஈறில் பட்டால் வெந்து வெளுத்துவிடும் அளவுக்குக் கடுமை. ஆகவே உதட்டை விரித்துப் பிடிக்கும் பிளாஸ்டிக் வளையத்தை வைத்து, ஈறோரம் முழுக்க ஒரு பசையைப் பூசி, நீல ஒளி காட்டி இறுக வைப்பார்கள். இந்தத் தடுப்புதான் வேலையிலேயே நுணுக்கமான பகுதி. பிறகு மருந்தைப் பல்லில் பூசிப் பதினைந்து, இருபது நிமிடம் விட்டு, உறிஞ்சி எடுத்து, மறுபடி பூசுவார்கள். இப்படி இரண்டு மூன்று சுற்று. ஒன்றரை மணி நேரத்துக்குள் வேலை முடிந்துவிடும்.

விளம்பரங்களில் பெரிய விளக்கைக் காட்டுவார்கள். அந்த விளக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும் சில வாரங்களுக்குப் பிறகு பார்க்கும்போது பெரிய வித்தியாசம் இல்லை என்றே பெரும்பாலான ஆய்வுகள் சொல்கின்றன. விளக்குக்காகக் கூடுதல் பணம் கேட்டால் யோசியுங்கள்.

நாற்காலியிலிருந்து எழும்போது தெரியும் வெள்ளை அப்படியே நிற்காது என்பதையும் மனதில் வையுங்கள். வாயைத் திறந்தே வைத்திருந்ததில் பல் காய்ந்திருக்கும். காய்ந்த பல் கூடுதல் வெள்ளையாகத் தெரியும். ஓரிரு வாரத்தில் ஈரம் ஏறி நிறம் கொஞ்சம் இறங்கும். அப்போது தெரிவதுதான் உங்களுக்குக் கிடைத்த பலன்.

பிறகு கூச்சம். ஐஸ் தண்ணீர் குடித்தால் சுரீர் என்று மின்னல் அடிக்கும். பெரும்பாலும் சில நாளில் அடங்கிவிடும். பொட்டாசியம் நைட்ரேட் கலந்த கூச்சப் பற்பசையை முன்கூட்டியே சில நாள் பயன்படுத்தினால் குறைவாக இருக்கும். முதல் இரண்டு நாள் கோப்பி, கறிக்குழம்பு, மஞ்சள் தூக்கலான சாப்பாடு, சோயா சாஸ் வேண்டாம் என்பார்கள். நம் சமையலில் அதைக் கடைப்பிடிப்பது சிரமம்தான். தயிர்ச் சோறு, இட்லி, பால், வாழைப்பழம் என்று சமாளித்துவிடலாம்.

விலை கேட்டீர்களே. மலாக்காவில் தனியார் கிளினிக்கில் சில நூறு வெள்ளியில் தொடங்கி ஆயிரம் வெள்ளியைத் தாண்டியும் போகிறது. கிளினிக்குக் கிளினிக் மாறும். ஸ்கேலிங் அதில் சேர்ந்ததா, கூச்சத்துக்கு மருந்து தருவார்களா, எத்தனை சுற்று என்று கேட்டுத் தெரிந்துகொண்டு பணம் கட்டுங்கள்.

டாக்டர் கொடுத்து வீட்டில் செய்வது

என் சொந்தப் பெண்ணுக்கு நான் தேர்ந்தெடுத்த வழி இதுதான். டாக்டர் உங்கள் பல்லை அச்செடுத்து, அதற்கேற்ற மெல்லிய பிளாஸ்டிக் தட்டு செய்து தருவார். கூடவே சிறு ஊசிக்குழாய்களில் மருந்து. பெரும்பாலும் 10 விழுக்காடு கார்பமைடு பெராக்சைடு. அது வாய்க்குள் உடையும்போது கிட்டத்தட்ட 3.5 விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்சைடுதான் வெளிவரும். ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு சின்னச் சொட்டு. இரவு பல் துலக்கிவிட்டுத் தட்டைப் போட்டுக்கொண்டு தூங்க வேண்டும். காலையில் கழற்றிக் கழுவி வைக்க வேண்டும். பத்து நாள், இரண்டு வாரத்தில் நிறம் மாறுவது தெரியும். கூச்சம் வந்தால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடலாம்.

இந்த முறை பிறந்ததே ஒரு தற்செயலால்தான். 1960-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் ஆர்கன்சாஸ் மாநிலத்தில் பில் கிளஸ்மயர் என்ற பல்வரிசை மருத்துவர், ஈறு புண்பட்ட நோயாளிகளுக்கு அது ஆறுவதற்காகக் கார்பமைடு பெராக்சைடு மருந்தைத் தட்டில் வைத்துக் கொடுத்தார். ஈறு ஆறியது, பல்லும் வெளுத்திருந்தது. டாக்டர்கள் வாய்மொழியாகச் சொல்லிப் பரவிய இதை, வட கரோலினாவில் ஹேவுட், ஹைமன் என்ற இருவர் முறையாக ஆராய்ந்து 1989-இல் கட்டுரையாக வெளியிட்டார்கள். அன்றிலிருந்து இன்றுவரை அதிகமாகச் சோதித்துப் பார்க்கப்பட்ட முறை இதுதான்.

கடைசியில் கிடைக்கும் நிறத்தை வைத்துப் பார்த்தால் கிளினிக்கில் ஒரே நாளில் செய்வதும் இப்படி மெதுவாகச் செய்வதும் ஏறக்குறைய ஒன்றுதான். வேகத்துக்குத்தான் கூடுதல் பணம். டெட்ராசைக்ளின் பட்டை உள்ளவர்களுக்கோ மெதுவான வழியே சரி. மாதக்கணக்கில் ஆகும், முழுவதும் போகாமலும் இருக்கலாம். தட்டைப் பத்திரமாக வைத்திருந்தால் ஒன்றிரண்டு வருடம் கழித்து மருந்து மட்டும் வாங்கி மறுபடி போட்டுக்கொள்ளலாம்.

கடையிலும் அடுப்படியிலும் கிடைப்பவை

ஒட்டும் பட்டைகள் வேலை செய்யும். அவற்றிலும் பெராக்சைடுதான் இருக்கிறது. ஆனால் பல்வரிசை கோணலாக இருந்தால் இடுக்குகளில் ஒட்டாது. ஈறில் படும். இணையத்தில் வரும் பொருளில் எவ்வளவு மருந்து என்று அச்சிட்டிருக்காது, அச்சிட்டிருந்தாலும் நம்ப வழியில்லை. ஐரோப்பாவில் 0.1 விழுக்காட்டுக்கு மேல் ஹைட்ரஜன் பெராக்சைடு உள்ள வெளுக்கும் பொருளைக் கடையில் நேரடியாக விற்கக் கூடாது. அதற்கு மேல் 6 விழுக்காடுவரை உள்ளதைப் பல் மருத்துவர் வழியாகத்தான் தர வேண்டும், 18 வயதுக்குக் கீழே தரவே கூடாது. நம் வீட்டு வாசலுக்குக் கூரியரில் வரும் பெட்டியையும் இந்தக் கண்ணோடு பாருங்கள்.

வெள்ளையாக்கும் பற்பசை வெளிக்கறையை மட்டும் தேய்த்து எடுக்கும். சிலவற்றில் நீல நிறமி இருக்கும். அது மஞ்சளைச் சற்று மறைத்துக் காட்டும், நிரந்தரமில்லை. பேக்கிங் சோடா கலந்த பற்பசை அவ்வளவு உராய்வதில்லை. அளவோடு பயன்படுத்தினால் கெடுதல் இல்லை.

கரி இப்போது புதுப் பெயரில், கறுப்புக் குழாயில், பாசார் மாலாமில்கூட வந்துவிட்டது. நம் பெரியவர்களுக்குக் கரி புதிதில்லை. உமிக்கரியும் அடுப்புக்கரியும் உப்பும் வைத்துத்தான் தோட்டத்தில் பல் தேய்த்தோம். கைக்குக் கிடைத்தது அதுதான் என்பதால் தேய்த்தோம். அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் இதழில் 2017-இல் வந்த ஒரு மதிப்பாய்வு, கரி பல்லை வெள்ளையாக்கும் என்பதற்கும் அது பாதுகாப்பானது என்பதற்கும் போதுமான சான்று இல்லை என்று சொன்னது. பல கரிப் பற்பசைகளில் ஃபுளோரைடும் கிடையாது. மரத்தை உப்புத்தாளால் தேய்ப்பதுபோலத்தான் இது. முதலில் பளபளக்கும், பிறகு மேல்தோல் போகும். எனாமல் தேய்ந்தால் அடியில் இருக்கும் மஞ்சள்தான் இன்னும் தெரியும். வெள்ளையாக்கப்போய் மஞ்சளாக்கிக்கொண்ட கதை ஆகிவிடும்.

எலுமிச்சை வேண்டவே வேண்டாம். வாயின் அமில அளவு 5.5 பிஎச்சுக்குக் கீழே இறங்கினாலே எனாமல் கரையத் தொடங்கும். எலுமிச்சைச் சாறு ஏறக்குறைய 2. ஸ்ட்ராபெரியை மசித்துப் பேக்கிங் சோடாவோடு தேய்க்கும் குறிப்பை அயோவா பல்கலைக்கழகத்தில் 2014-இல் சோதித்தார்கள். பல் வெளுக்கவில்லை என்பதுதான் முடிவு. ஸ்ட்ராபெரியில் இருக்கும் சிட்ரிக் அமிலம் பல்லின் மேற்பரப்பை மென்மையாக்கிவிடும் என்றும் எச்சரித்தார்கள். நல்லெண்ணெய் கொப்பளிப்பதால் கெடுதல் இல்லை, அதற்காகப் பல் வெளுக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். வேப்பங்குச்சியைப் பக்குவமாக மென்று துலக்குபவர்களை நான் தடுக்க மாட்டேன். வெளிக்கறை சேராமல் அது ஓரளவு காக்கும். ஏறிவிட்ட உட்கறையை அது தொடாது.

இன்னொன்று. அடைப்பு, உறை, செட் பல், வெனீர் எதுவும் எந்த மருந்துக்கும் வெளுக்காது. முன்பல்லில் அடைப்பு வைத்திருப்பவர் சுற்றியுள்ள பல்லை வெளுக்க வைத்தால் அடைப்பு தனியாகத் தெரியும். முதலில் வெளுத்து, ஓரிரு வாரம் பொறுத்து, புது நிறத்துக்கு ஏற்ப அடைப்பை மாற்றுவதே முறை.

நம் ஊரில் நடந்தது

2017-இல் நாடு முழுக்கப் பேசப்பட்ட வழக்கு ஒன்று நம் ஆயர் குரோ செஷன்ஸ் நீதிமன்றத்தில்தான் நடந்தது. 20 வயதுப் பெண் ஒருவர் யூடியூப் பார்த்துக் கற்றுக்கொண்டு, பதிவில்லாத இடத்தில் மற்றவர்களுக்குப் பிரேசஸ் மாட்டிவிட்டார். 70,000 வெள்ளி அபராதம், கட்டாவிட்டால் ஆறு மாதச் சிறை. சில நாள் சிறையிலும் இருந்தார். பொதுமக்கள் சேர்த்துக் கொடுத்த பணத்தில் அபராதம் கட்டப்பட்டது. 1998-ஆம் ஆண்டின் தனியார் சுகாதாரப் பராமரிப்பு வசதிகள் சட்டப்படி, பதிவில்லாமல் கிளினிக் நடத்தும் தனி நபருக்கு 300,000 வெள்ளிவரை அபராதமும் ஆறு ஆண்டுவரை சிறையும் விதிக்கலாம்.

அந்தப் பெண்ணின் வயதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கிறது. அவரிடம் வாயைத் திறந்து உட்கார்ந்தவர்களும் பெரும்பாலும் அதே வயதுப் பிள்ளைகளாகத்தான் இருந்திருப்பார்கள். கிளினிக்கில் ஆயிரக்கணக்கில் கேட்பதை யாரோ நூற்றுக்கணக்கில் செய்து தருகிறேன் என்றால் மனம் போகத்தான் செய்யும். இன்று அதே ஆசையைக் குறிவைத்து, அறை வாடகைக்கு எடுத்து வெனீர் ஒட்டுகிறவர்களும், அழகு நிலையத்தில் வெளுக்கும் மருந்து பூசுகிறவர்களும் இருக்கிறார்கள். தடுப்புப் பசை போடத் தெரியாத கையில் அந்த மருந்து ஈறை வேக வைக்கும். தவறான பசையில் ஒட்டிய வெனீருக்கு அடியில் சொத்தை சத்தமில்லாமல் வளரும். இங்கிலாந்து உயர் நீதிமன்றம் 2013-இலேயே, பல் வெள்ளையாக்குவதும் பல் மருத்துவத் தொழில்தான், அழகுக் கலையில் சேராது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது.

சோதிப்பது எளிது. மலேசியப் பல் மருத்துவ மன்றத்தின் பதிவேட்டில் டாக்டரின் பெயர் இருக்கிறதா என்று இணையத்தில் பார்க்கலாம். கிளினிக் சுவரில் அவருடைய ஆண்டுத் தொழில் சான்றிதழ் மாட்டியிருக்கும். "காட்டுங்க டாக்டர்" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வந்து செய்கிறேன், ஹோட்டல் அறைக்கு வாருங்கள், முன்பணத்தை முதலில் அனுப்புங்கள் என்று சொன்னால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

கல்யாணத்துக்கு நாள் குறித்தவர்களுக்கு

மூன்று மாதத்துக்கு முன்னால் பரிசோதனை, ஸ்கேலிங், சொத்தைக்கு அடைப்பு. இரண்டு மாதத்துக்கு முன்னால் வெளுக்கும் வேலையைத் தொடங்கினால், கூச்சம் வந்தாலும் இடைவெளி விட்டு முடிக்கலாம். கடைசி இரண்டு வாரத்தில் எதையும் புதிதாகச் செய்ய வேண்டாம். முந்தின நாள் செய்துகொண்டு, பந்தியில் உட்கார்ந்து பாயசத்தை வாயில் வைக்க முடியாமல் தவிப்பது பாவம். கர்ப்பமாக இருப்பவர்களும் பால் கொடுக்கும் தாய்மார்களும் தள்ளிப் போடுங்கள். பதினெட்டு ஆகாத பிள்ளை கேட்டால் ஸ்கேலிங் மட்டும் செய்து கூட்டி வாருங்கள்.

பல்லின் நிறத்தைக் காட்டிப் பெண்ணைக் குறை சொல்லும் பழக்கம் நம்மிடையே இருக்கிறது. பெண் பார்க்க வந்த இடத்தில் "சிரிச்சா நல்லா இருக்கும், பல்லுதான் கொஞ்சம்..." என்று இழுத்த ஒரு வார்த்தைக்காகக் கடன் வாங்கி வந்த பிள்ளையை நான் நாற்காலியில் பார்த்திருக்கிறேன். அவளுக்குச் சொத்தை இல்லை, ஈறு நல்ல ரோஸ் நிறம், பல் இயல்பான நிறம். அவளைப் பரிசோதித்த டாக்டர் வெள்ளையாக்கத் தேவையில்லை என்று சொல்லி, கிளீனிங் மட்டும் செய்து அனுப்பினார். தன் ஆசைக்காக ஒருவர் செய்துகொண்டால் தாராளமாகச் செய்யட்டும். மற்றவர் வாய்க்குப் பயந்து செய்ய வேண்டாம்.

எனக்கு நீண்ட நாளாக மனதில் இருக்கும் வேண்டுகோள் ஒன்று உண்டு. வெள்ளையாக்க வருகிறவர்கள் எல்லோரும் இளம் பிள்ளைகள், பெரும்பாலும் நல்ல பல் உள்ளவர்கள். புக்கிட் ஆசாகான், தெபோங், காடேக் என்று தோட்டங்களில் உழைத்து, பிள்ளைகளோடு தாமான் வீடுகளுக்குக் குடிவந்து, இன்னும் வெற்றிலை போட்டுக்கொண்டிருக்கும் நம் பாட்டிமார்களும் அம்மாமார்களும் பல் கிளினிக் பக்கமே வருவதில்லை. "இந்த வயசுல எனக்கென்ன பல்லு" என்று சொல்லிவிடுகிறார்கள். வலி வந்த பிறகு வருகிறார்கள், அப்போது பல நேரம் நோய் முற்றியிருக்கிறது. ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் வாய்ப் புற்றுநோயைக் குணப்படுத்தும் வாய்ப்பு மிக அதிகம். அதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. வெளிச்சமும், சின்னக் கண்ணாடியும், பார்க்கத் தெரிந்த டாக்டரின் கண்ணும் போதும்.

ஆகவே பல் வெள்ளையாக்க முன்பதிவு செய்யும்போது இரண்டு பேருக்குச் செய்யுங்கள். ஒன்று உங்களுக்கு, இன்னொன்று வீட்டில் வெற்றிலை போடும் பெரியவருக்கு. "அம்மாச்சி வெத்தலை போடுவாங்க டாக்டர், வாய் உள்பக்கம் பாருங்க" என்று நீங்களே சொல்லுங்கள், அவர்கள் சொல்ல மாட்டார்கள். ஐந்து நிமிட வேலை. உங்கள் கல்யாணத்துக்கு அவர்கள் கட்டாயம் இருக்க வேண்டும் என்று நினைத்தால், இதை அடுத்த மாதத்துக்குத் தள்ளாதீர்கள்.